பதினான்காவது கேள்வி

அத்தியாயம் 9

நாற்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்த ஜம்ஷீத், போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் "செஞ்சுக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து எழுந்து போனார். அந்த ஒரு வார்த்தை போதாதா மகளுக்கு? பரஸ்தூ அன்று ராத்திரியே கைப்பேசியில் தோழிகள் அத்தனை பேருக்கும் தகவல் சொல்லி முடித்துவிட்டாள். மூக்கு ஆபரேஷன் வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு.

அப்பா சம்மதிப்பதற்கு முன்பே அவள் தேதி வாங்கி வைத்திருந்தாள் என்பது அம்மா மெஹ்ரிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மெஹ்ரியிடம் ரகசியங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்று இருபத்தைந்து வருஷத்துப் பழையது. இன்று புதன்கிழமை, அது தானாகவே எழுந்து சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வந்தது ஒரு படிவமாக. மருத்துவமனையில் கொடுத்தது, மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இன்று மாலை நான்கு மணிக்கு அதைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் சனிக்கிழமை கத்தி எடுப்பார்கள்.

பரஸ்தூ பேனாவும் கையுமாக மேஜையில் உட்கார்ந்தாள். இருபத்துநான்கு வயது. வெயில்கண்ணாடியும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் விற்கிற பெரிய கடையில் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேருடைய மூக்கை அளந்து அதற்குத் தோதாகச் சட்டம் பொருத்திக் கொடுக்கிறவள். ஊரார் மூக்கையெல்லாம் அளந்து அளந்து தன் மூக்கின் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு ஏறிப்போயிற்று என்று ஜம்ஷீத் ஒருமுறை சொன்னார். அது அவர் பேசிக்கொண்டிருந்த காலம்.

தயாரிப்பில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அப்பா சம்மதித்த பிறகு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டின பட்டியலை, அதற்கு முந்தின வாரமே ரகசியமாகக் கடைப்பிடிக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஆஸ்பிரின் கிடையாது, மற்ற வலி மாத்திரை கிடையாது, மீன் எண்ணெய் கிடையாது, இஞ்சி, பூண்டு மருந்து, பச்சைத் தேநீர் எதுவும் கிடையாது. சிகரெட் புகை படக்கூடாது. தோழி வீட்டில் ஹூக்கா வைத்தால் எழுந்து வந்துவிடுவாள். படபடப்புக்கு நல்லதென்று மெஹ்ரி தினமும் போட்டுக் கொடுத்த பூக்கஷாயத்தையும் நிறுத்திவிட்டாள். குங்குமப்பூ பட்டியலில் இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று அதற்கும் தடை. இரண்டு வெள்ளிக்கிழமையாக அந்த வீட்டில் வெள்ளைச் சோறுதான். ஜம்ஷீத் அதற்குக்கூட முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

"கேள்வி ஏழு," என்றாள் பரஸ்தூ. "மூக்குல அடிக்கடி ரத்தம் வருமா?"

"சின்னதுல வந்தது. வெயில் காலத்துல."

"அப்ப இல்லைன்னு போடறேன். எட்டு, லேசா இடிச்சாலே கன்னிப் போகுமா? எல்லாருக்கும்தான் போகும். இல்லை."

மெஹ்ரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேள்விகள் ஓடின. ஆஸ்துமா இல்லை. சர்க்கரை இல்லை. கட்டின பல், கழற்றுகிற பல் இல்லை. வீட்டில் முதல் ராத்திரி கூட இருக்க ஆள் உண்டு.

"பதினாலு. உங்க ரத்த உறவுல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறமோ, பல் பிடுங்கினதுக்கு அப்புறமோ, ரத்தம் நிக்காமப் போனதுண்டா?" படித்துவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "யாருக்கும் இல்லைதானேம்மா?"

"இல்லை," என்றாள் மெஹ்ரி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பரஸ்தூ மையால் கோடு போட்டுவிட்டுப் பதினைந்துக்குப் போனாள். மெஹ்ரியின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

கூடத்து அலமாரியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. முக்காட்டுக்கு வெளியே முடி பறக்க, கடற்கரையில் நின்று சிரிக்கிற பெண். ஜம்ஷீத்தின் ஒரே தங்கை, சூதாபே. நடுவில் மேடு தட்டி, நுனியில் சற்றே வளைந்த மூக்கு. பரஸ்தூ பிறந்த அன்றே பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "அத்தை மூக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த வீட்டில் மூக்கைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று ஆயிற்று.

அத்தை எப்படி இறந்தாள் என்று கேட்டால் பரஸ்தூவும் சொல்வாள். சாலூஸ் சாலையில். அந்தச் சாலை பற்றித் தெஹ்ரானில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மலையில் பனி, வளைவுக்கு வளைவு பள்ளம், வருஷா வருஷம் கார்கள் உருளுகிற சாலை. "சாலூஸ் சாலையில்" என்று சொன்னால் போதும், கேட்கிறவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

அப்படியே சொல்லவேண்டும் என்று திட்டம் போட்டவர் மெஹ்ரியின் மாமனார். மூக்கு அழகுக்காக என் மகள் செத்தாள் என்று ஊரில் ஒரு நாக்கு பேசக்கூடாது என்று அவர் சொன்னார். ரத்தத்தில் குறை என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள், யார் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். பிணம் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை அப்போது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மானம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். சூதாபே வடக்கே கடலோரத்திலிருந்து தெஹ்ரானுக்கு வந்து, புதுமணத் தம்பதியான அண்ணன் வீட்டில் தங்கி, மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டாள். ஒரு வாரம் ஊரை விட்டு நகரக்கூடாது என்றார் டாக்டர். ஆனால் மூன்றாம் நாள் புத்தாண்டு. வருஷம் பிறக்கிற அந்த நொடியில் அப்பா வீட்டு மேஜை முன்னால், ஏழு பொருள் வைத்த விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் வருஷம் முழுக்கக் குடும்பம் சிதறிக் கிடக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் உள்ள பயம். ஜம்ஷீத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. விடியுமுன் வண்டியைக் கிளப்பினார். ஓட்டினது அவர். பின் இருக்கையில் மெஹ்ரியின் மடியில் சூதாபேயின் தலை.

பாதி தெஹ்ரான் அதே சாலையில் இருந்தது. மலைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் பனியில் வண்டிகள் நின்றன. அங்கேதான் சூதாபேயின் மூக்கிலிருந்து ரத்தம் ஆரம்பித்தது. முன்னாலும் பின்னாலும் ஆயிரம் வண்டி. வானொலியில் வருஷம் பிறந்ததென்று பீரங்கி முழங்கியதும் ஜனங்கள் வண்டிகளை விட்டு இறங்கி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு முத்தமிட்டார்கள். ஒரு பெண்மணி கடலை மாவு இனிப்புத் தட்டோடு வந்து ஜம்ஷீத்தின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். மெஹ்ரிக்கு இன்றைக்கும் அந்த இனிப்பின் வாசனை ஆகாது.

இதுவரை ஜம்ஷீத்துக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு.

வழியில் சூதாபேக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அண்ணி, ஏதாவது மாத்திரை கொடேன் என்று கெஞ்சினாள். மெஹ்ரி தன் பையில் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரையை எடுத்து இரண்டு கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு. ஆஸ்பிரின். நர்ஸ் கொடுத்த தாள் அதே பையில், அந்த மாத்திரைக்குப் பக்கத்திலேயே, மடித்தது மடித்தபடி இருந்தது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சீப்பு தேடும்போதுதான் அதைப் பிரித்தாள். ஏழாவது வரி: ஆஸ்பிரின் எந்த வடிவிலும் கூடாது. அவளுக்கு அப்போது வயது இருபத்துநாலு.

மத்தியானம் பரஸ்தூ குளிக்கப் போனதும் ஜம்ஷீத் சமையலறைக்கு வந்தார். குடிநீர்த் துறையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். எதற்கும் அவசரப்படாதவர் என்று பெயர். அந்தப் பெயர் வந்தது அந்தப் புத்தாண்டுக்குப் பிறகுதான். இன்றுவரை சாலூஸ் சாலையில் அவர் வண்டி ஏறியதில்லை. சொந்த ஊருக்குப் போகவேண்டுமானால் வேறு மலைவழியாக அரை நாள் சுற்றிக்கொண்டு போவார்.

"படிவத்துல சூதாபே விஷயம் எழுதியாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மெஹ்ரி ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல, மெஹ்ரி. நாப்பது நாளா வாயத் திறந்தா அதுதான் வந்துடும்போல இருந்தது. அதான் பேசாமலே இருந்தேன். நீ டாக்டர்கிட்டச் சொல்லிடு. அவளை வெளிய உட்கார வெச்சுட்டுச் சொல்லு."

"சொல்றேன்."

அவர் போகவில்லை. கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணா, ரெண்டு நாள் கழிச்சுப் போலாமேன்னு கேட்டா. நீயும் கூட இருந்தே. நான்தான் கேக்கல. கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டேன்."

"உங்க தப்பு இல்ல," என்றாள் மெஹ்ரி.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் இதைச் சொல்லுவார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவள் இதையேதான் பதிலாகச் சொல்லுவாள். அவர் கண்ணைத் துடைத்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது, நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து பழைய பழுப்புக் கைப்பையை இறக்கினாள். உள்துணியின் கிழிசலுக்குள் விரலை விட்டு அந்தத் தாளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ரத்தம் பற்றிச் சொன்னால், டாக்டர் அடுத்துக் கேட்கப்போவது என்ன மருந்து சாப்பிட்டாள் என்பதுதான். இது தெரியாத அளவுக்கு மெஹ்ரி அசடு இல்லை. சொன்னால் புருஷனும் மகளும் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். சொல்லாவிட்டால் மகள் என்ன ஆவாள் என்றும் நினைத்தாள். இரண்டையும் சேர்த்து நினைக்க முடியாமல் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் மூக்கில் வெள்ளைப் பட்டை ஒட்டின பெண்கள் நாலைந்து பேர், கண்ணைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக, தைரியமாக உட்கார்ந்திருந்தார்கள். பரஸ்தூ அவர்களோடு இரண்டே நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டாள். எத்தனை தலையணை வைத்துத் தூங்குவது, மூக்குக்கண்ணாடியை எத்தனை மாதம் போடக்கூடாது, பட்டையை எந்த நாளில் எடுப்பார்கள் என்று விசாரணை. நம் ஊரில் அந்தப் பட்டையை மறைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை. மெஹ்ரி அந்தப் பெண்களின் அம்மாக்களைப் பார்த்தாள். மடியில் தேநீர்க் குடுவையும் முகத்தில் பெருமையுமாக இருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் கியானி ஐம்பது வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசி, நிதானமாகக் கேட்கிறவர். மகளை வெளியே உட்காரவைக்க மெஹ்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆபரேஷன் எனக்குத்தானேம்மா என்று பரஸ்தூ முதல் ஆளாக உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். இரண்டு வாரமாக ஒரு ஆஸ்பிரின்கூட இல்லையா என்று கேட்டார். குங்குமப்பூகூட இல்லை டாக்டர் என்றாள் பரஸ்தூ பெருமையாக. டாக்டர் சிரித்தார். வெள்ளி ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதையும் சாப்பிடக்கூடாது, நகப்பூச்சை எடுத்துவிடவேண்டும், ஜலதோஷமோ ஜுரமோ வந்தால் மறைக்காமல் போன் செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முத்திரையைக் கையில் எடுத்தார்.

மெஹ்ரி அந்த முத்திரையையே பார்த்தாள். பரிசோதனை சரியாக இருக்கிறதே, இவள் ரத்தம் நல்ல ரத்தமாகவே இருக்கலாமே என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவள் மனசு என்னென்னவோ பேரம் பேசிற்று.

"பிரஷர் மட்டும் பாத்துடறேன்," என்றார் டாக்டர்.

பரஸ்தூ சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கையின் உள்பக்கம், திங்கட்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"இது ஊசி போட்ட இடமா?"

"எனக்கு எப்பவும் இப்படித்தான் டாக்டர். தானாப் போயிடும்."

டாக்டர் முத்திரையைக் கீழே வைத்தார். படிவத்தைத் திருப்பிப் பதினான்காவது கேள்வியில் விரலை வைத்து, குடும்பத்தில் யாருக்குமே இல்லையா என்று மறுபடி கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள் பரஸ்தூ. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, மெஹ்ரியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

மெஹ்ரியின் கண் மகளின் கையை விட்டு நகரவில்லை. சூதாபேயின் புறங்கையில் மருந்து ஏற்றின ஊசி போட்ட இடத்திலும் அதே நிறம்தான் இருந்தது. அந்தக் கையைத்தான் அவள் சுரங்கம் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ அத்தை. இவ அப்பாவோட தங்கை," என்றாள். "மூக்கு ஆபரேஷன் பண்ணி மூணாம் நாள். ரத்தம் நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா."

"அத்தை ஆக்ஸிடெண்ட்ல..." என்று ஆரம்பித்த பரஸ்தூ பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் அவசரப்படாமல் எழுதினார். அத்தைக்கு அப்போது வயது என்ன, மாதவிலக்கில் அதிகம் போகுமா, பல் பிடுங்கினதுண்டா என்று கேட்டார். பிறகு மெஹ்ரி எதிர்பார்த்த அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?

மெஹ்ரி பையைத் திறந்து தாளை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து நாலாகிவிடும்போல இருந்தது. அதை டாக்டர் முன்னால் விரித்து ஏழாவது வரியில் விரல் வைத்தாள்.

"நாலு மாத்திரை. நான்தான் கொடுத்தேன். இதை அப்ப நான் படிக்கல."

டாக்டர் கியானி தண்ணீர் ஊற்றி மெஹ்ரியின் பக்கம் நகர்த்தினார். சில குடும்பங்களின் ரத்தத்தில் உறைவதற்கான ஒன்று பிறப்பிலேயே குறைவாக இருக்கும், சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாமல் தப்பிவிடும் என்றார். அந்தக் குறையே போதுமானதாக இருந்திருக்கலாம், மாத்திரையும் சேர்ந்து செய்திருக்கலாம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மெஹ்ரிக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை ஆபரேஷன் கிடையாது. ரத்தவியல் நிபுணரைப் பார்த்துத் தனிப் பரிசோதனை எடுக்கவேண்டும். குறை இருந்தால் அதற்கு முன்மருந்து கொடுத்துச் செய்யலாமா, செய்யவே கூடாதா என்று அவர் சொல்லுவார்.

"மகளே," என்றார் டாக்டர் பரஸ்தூவிடம், "பட்டியல்ல இருந்த எல்லாத்தையும் நீ சரியாச் செஞ்சே. அம்மா இன்னிக்குச் சொன்னதுதான் அதுல விட்டுப்போன ஒண்ணு."

டாக்ஸியில் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பரஸ்தூ அழுவாள், கத்துவாள், ஆறு வருஷக் கனவைக் கெடுத்தாயே என்பாள் என்று மெஹ்ரி தயாராக இருந்தாள். பரஸ்தூ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்.

"அத்தை கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"கண்ணாடி கேட்டா."

"எதுக்கு?"

"கட்டுக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னா. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டு அண்ணின்னா. என் பையில சின்னக் கண்ணாடி இருந்தது. டாக்டர் கட்டைத் தொடக்கூடாதுன்னார், ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்." மெஹ்ரி கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "அதை மட்டும் டாக்டர் சொன்னபடி செஞ்சேன். அவ தன் மூக்கைப் பாக்கவே இல்லடி."

பரஸ்தூ அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து உட்காரவும் இல்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை விஷயம் அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான்தான் கொன்னேன்னு அப்பா சொல்லுவாரே, ஒவ்வொரு புத்தாண்டுக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். வண்டி ஓட்டினதைச் சொல்றார்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ சொல்லு. இல்லைன்னா நான் சொல்லவேண்டி வரும்," என்றாள்.

பொழுது சாய்கிற நேரம் வீடு சேர்ந்தார்கள். ஜம்ஷீத் சும்மா இருக்கவில்லை. மகளின் கட்டிலில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்வாக வைத்திருந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அன்னாசிப் பழ டப்பாக்களைத் தானே வாங்கி வந்து குளிர்பெட்டியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஆறு டப்பா. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று தன் பொடி எழுத்தில் ஒரு தாளும் எழுதி வைத்திருந்தார். இத்தனையும் அந்த ஆபரேஷனே வேண்டாம் என்று நாற்பது நாள் வாய் மூடியிருந்த மனிதர் செய்தது.

தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகளை அருகில் இழுத்து அவள் மூக்கின் மேல் முத்தமிட்டார்.

"அது எங்கயும் ஓடிப் போகாது. பொறுமையாப் பாத்துச் செய்வோம்," என்றார். நாற்பது நாளில் மகளிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிறகு மனைவியைப் பார்த்தார். "நல்ல காரியம் செஞ்சே மெஹ்ரி. நீ மட்டும் சொல்லலேன்னா..."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் தேநீர் கேட்டிருப்பார், அவள் போட்டுக் கொடுத்திருப்பாள், அந்த வீடு இன்னும் ஒரு இருபத்தைந்து வருஷம் ஓடியிருக்கும். பரஸ்தூ அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெஹ்ரி பையைத் திறந்தாள். தாளை அவர் முன்னால் வைத்தாள். டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். நாலு மாத்திரை. நான்தான் கொடுத்தேன். இதை அப்ப நான் படிக்கல.

ஜம்ஷீத் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து படித்தார். தங்கையின் பெயரில் ஒரு நிமிஷம் நின்றார். ஏழாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப படிச்சே இதை?"

"அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள்."

அவர் தலையசைத்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"உனக்கு இருபத்துநாலு வயசு அப்ப," என்றார். "மாத்திரை கொடுத்ததுக்கு உன்னை நான் என்ன சொல்லப் போறேன்? வலின்னா, கொடுத்தே. நானா இருந்தாலும் கொடுத்திருப்பேன்." தாளை அதன் பழைய மடிப்புகளிலேயே மெல்ல மடித்தார். "ஆனா இருபத்தஞ்சு வருஷமா நான்தான் கொன்னேன்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து என் கண்ணைத் துடைச்சுவிட்டுக்கிட்டு இருந்தே."

உங்க தப்பு இல்ல என்று இந்த முறை மெஹ்ரி சொல்லவில்லை. அதைச் சொல்லத் தனக்கு என்றைக்குமே உரிமை இருந்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜம்ஷீத் எழுந்தார். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூடத்து அலமாரியிலிருந்து தங்கையின் புகைப்படத்தை எடுத்தார். ஆணியில் தொங்கின வண்டிச் சாவியை எடுத்தார். கைப்பேசி மேஜையிலேயே கிடந்தது. அப்பா, எங்க போறீங்க என்று பரஸ்தூ படிவரை ஓடினாள். சாப்பிட்டுத் தூங்கும்மா என்று மட்டும் சொன்னார்.

இருவரும் ஜன்னலுக்கு வந்தார்கள். அவர் வண்டி தெரு முனைக்குப் போய் நின்றது. வலது பக்கம் திரும்பினால் அவருடைய நண்பர் வீடு. மனசு சரியில்லை என்றால் அங்கேதான் போவார். மெஹ்ரி வலது பக்கமாகத் திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வண்டி இடது பக்கம் திரும்பிற்று. இடது பக்கம் சாலூஸ் சாலைக்குப் போகிற வழி. இருபத்தைந்து வருஷமாக அவர் திரும்பாத பக்கம்.